ஏழு ஓட்டைத் தகடு

பதினொரு வருசம் பிரஷர் குளிசை விற்றேன்.
கடைசி நோயாளி செருப்பு மாட்டும் சத்தம் கேட்டால்
கதவுக்குள் தலையை நீட்டலாம்.
இரண்டு நிமிசம்.
ஒரு பேனை, ஒரு கலண்டர்,
"சரி, எழுதிறன்."
எழுதினாரா என்று அறிய
ஆஸ்பத்திரி வீதிப் பார்மசிக்காரனுக்குப்
பிளேன்ரீ வாங்கிக் கொடுத்துத் துருவவேண்டும்.

கோண்டாவிலில் மழை, கொடிகாமத்தில் வெயில்,
பையின் சிப்புக்குள் செம்மண்.
என் குளிசையை விழுங்கிய ஒருவரையும்
நான் கண்டதில்லை.
நாக்கில் வைத்தார்கள், தண்ணீர் குடித்தார்கள்,
கரைந்தது.
கரையாமல் நின்றது மாதக் கடைசி மட்டும்.

சித்திரையில் கொம்பனி மாறினேன்.
இப்போது பெட்டி கனம். சில்லு வைத்தது.
உள்ளே தட்டுத் தட்டாய் ஆணிகள்,
மில்லிமீற்றர் வாரியாக.
"அப்பா தச்சு வேலைக்கோ போறியள்?" என்றாள் மகள்.
மாதிரிக்குத் தந்த பிளாஸ்ரிக் துடையெலும்பைத்
தன் பொம்மைக்குப் பக்கத்தில் படுக்கவைத்துப்
போர்வையும் போர்த்திவிட்டிருந்தாள்.

முதல்நாள் தியேட்டர்.
பச்சை உடுப்பு, தொப்பி, முகமூடி.
சிஸ்டர் யூஜினி நிலத்தில் கோடு காட்டினா:
"இதுக்கு அங்கால போகக்கூடாது,
ஒண்டிலும் முட்டக்கூடாது,
மயங்கிறதெண்டா சுவர்ப்பக்கமா மயங்கும்."
வாசலில் இரண்டு நிமிசம் தந்த அதே டொக்டர்
திறந்து கிடந்த காலுக்கு மேலால்
என்னைப் பார்த்துக் கேட்டார்:
"ஏழோ, எட்டோ?"

யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை.
குளிசைக்கு நான் சொன்ன மறுமொழியெல்லாம்
கொழும்பில் பாடமாக்கியவை.
"ஏழு காணும் சேர்."
குரல் முகமூடிக்குள் வெந்தது.
துளைகருவி போட்டது
எங்கள் மதிலில் மேசன் போட்ட அதே சத்தம்.
பிறகு ஒரு மணம், பல் ராவும்போது வருமே, அது.
நான் மயங்கவில்லை.
மத்தியானம் சாப்பிடவுமில்லை.

பேந்து ஒரு வெள்ளிக்கிழமை
எலும்பு வாட்டு விறாந்தையில்
நாவற்குழிப் பெடியன் கஜவதனன்
என்னைக் கண்டுபிடித்துவிட்டான்.
தாய் விழுந்து, முழங்காலுக்கு மேலே முறிவு.
கையில் துண்டு. துண்டில் இரண்டு விலை.
"அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ,
கூடின விலையைப் போடாட்டி
அம்மா நடக்க மாட்டாவோ?"

டைட்டேனியம் போகவேணும் இந்த மாதம் என்று
நிலந்த காலையில்தான் போனில் சொல்லியிருந்தான்.
குளிசைக் காலத்தில்
எனக்கும் இந்தப் பெடியனுக்கும் நடுவில்
ஒரு கவுண்டர் இருந்தது, ஒரு கிறுக்கெழுத்து இருந்தது.
எவ்வளவு நிம்மதியான தூரம்.
அவன் விரலில்
மோதிரம் இருந்த இடம் வெளிறிக் கிடந்தது.

"டொக்டரைக் கேளும் தம்பி."
பழைய வாய். தானாய் வந்தது.
படியிறங்கி மோட்டார் சைக்கிளடிக்குப் போய்
ஹெல்மெட்டைப் போட்டு,
கழற்றி,
திரும்ப ஏறினேன்.
"ஸ்டீல் காணும். அவவுக்கு வடிவாக் காணும்.
டொக்டரிட்டையும் கேட்டுப் பாரும்,
நான் சொன்னனெண்டே சொல்லும்."

திங்கட்கிழமை போட்டார்கள்.
ஓட்டை ஏழு, ஆணி ஆறு.
முறிவின்மேல் வந்த ஓட்டையை
டொக்டர் வெறுமையாய் விட்டார்.
அந்த மாதம் என் இலக்கில் பன்னிரண்டு வீதம் குறைவு.
நிலந்தவுக்கு எழுதிய காரணம்: மழை.

நேற்றுத் திருநெல்வேலிச் சந்தையில்
வெங்காயம் நிறுக்க நிற்கிறா ஒரு அம்மா,
ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்து.
அவவாக இருக்கலாம். முகம் எனக்குத் தெரியாது,
பச்சைத் துணிகளுக்கு நடுவில்
ஒரு சாண் தொடைதான் தெரியும்.
விழுந்த ஒரு வெங்காயத்துக்குக் குனிந்தா.
மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன்,
ஒன்று, இரண்டு, மூன்று,
ஒரு வெறும் ஓட்டை,
நாலு, ஐந்து, ஆறு.
நிமிர்ந்தா.

"அண்ணை, உங்களைத்தான்," என்றான் தக்காளிக்காரன்,
"எத்தினைதரம் கேக்கிறது,
என்ன வேணும்?"